எங்கள் ஆசிரியர் பெயரில் ஒரு சிறுகோள் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் பள்ளியில் பல்லாண்டு காலம் இயற்பியல் நடத்திய ஆசிரியர் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்கு மறக்க முடியாத மரியாதை ஒன்று செய்ய நினைக்கிறோம். பணம் கட்டினால் வானத்தில் உள்ள ஒரு சிறுகோளுக்கோ விண்மீனுக்கோ நாம் சொல்லும் பெயரை வைத்துச் சான்றிதழ் அனுப்புவதாக ஓர் இணையதளத்தில் பார்த்தோம். விஸ்வநாதன் ஆனந்த் பெயரிலும் கணிதமேதை ராமானுஜன் பெயரிலும் சிறுகோள்கள் இருப்பதாகப் படித்திருக்கிறோம். உண்மையில் சிறுகோளுக்குப் பெயர் வைப்பது யார்? யாருக்கெல்லாம் வைக்கிறார்கள்? எங்கள் ஆசிரியருக்கு வைக்க வழி உண்டா?
– வாசகி, ஆலங்காயம்

பதில்: பண விஷயம் அவசரமானது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இணையதளத்துக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். அவர்கள் அனுப்பும் சான்றிதழுக்கு உலகின் எந்த வானாய்வகத்திலும் மதிப்பில்லை. அந்தப் பெயரை எந்த வானியலாளரும் எங்கேயும் பயன்படுத்தப் போவதில்லை. சிறுகோளுக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் கீழ் இயங்கும் ஒரு பணிக்குழுவிடம் மட்டுமே இருக்கிறது. பல நாட்டு வானியலாளர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்கள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. விண்மீன்களைப் பொறுத்தவரை, தனிமனிதர்கள் கேட்டு அவற்றுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே கிடையாது.

நீங்கள் ஆலங்காயத்திலிருந்து எழுதியிருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நீங்கள் கேட்கும் ராமானுஜன் சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டதே உங்கள் ஊரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் வரும் காவலூரில்தான். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் தலைமையில் ‘கல்கி’ என்ற பெயரில் ஒரு தேடல் திட்டம் நடந்தது. ஷ்மிட் வகைத் தொலைநோக்கியால் வானத்தைப் படமெடுத்து, விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறும் புள்ளி எது என்று தேடுவது அவர்கள் வேலை. 1988 பிப்ரவரி 17 அன்று அப்படி ஒரு புள்ளி சிக்கியது. ராமானுஜனின் நூற்றாண்டு நிறைந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் அன்றைக்கே அது ‘ராமானுஜன்’ ஆகிவிடவில்லை. முதலில் அதற்குக் கிடைத்தது ‘1988 டிக்யூ1’ என்ற தற்காலிகக் குறியீடு. பார்க்கப் புதிர்போல இருந்தாலும் இதன் கணக்கு எளிது. ஓர் ஆண்டை 24 அரைமாதங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரியின் பின்பாதிக்கு ‘டி’. அந்த அரைமாதத்தில் எத்தனையாவதாகப் பதிவானது என்பதை அடுத்த எழுத்தும் எண்ணும் சொல்லும். ‘ஐ’ எழுத்தை எண்ணோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க விட்டுவிடுவதால் ஒரு சுற்றுக்கு 25 எழுத்துகள். ‘க்யூ’ பதினாறாவது எழுத்து, பக்கத்தில் உள்ள 1 ஒரு சுற்று முடிந்ததைக் காட்டுகிறது. ஆக, காவலூரில் சிக்கியது அந்த அரைமாதத்தின் 41-வது பதிவு.

அதன் பிறகுதான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. ஒரு சிறுகோள் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் வரும் காலத்தில்தான் இரவு முழுக்கத் தெரியும், நன்றாகவும் தெரியும். அப்படி வரும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து அளக்க வேண்டும். பொதுவாக நான்கு முறையாவது பார்த்த பிறகே, இனி இது எந்த நாளில் எங்கே இருக்கும் என்று தயக்கமில்லாமல் சொல்ல முடியும். அந்த உறுதி வந்ததும் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் உள்ள சிறுகோள் மையம் அதற்கு நிரந்தர எண் வழங்கும். காவலூர்ச் சிறுகோளுக்குக் கிடைத்த எண் 4130. எண் வந்த பிறகே பெயர்.

பாதை உறுதியாகும் முன்பே எண்ணும் பெயரும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆல்பர்ட் என்ற சிறுகோளின் கதை பதில் சொல்லும். வியன்னாவில் யோஹான் பலிசா என்றொரு வானியலாளர் இருந்தார். புகைப்படத் தகட்டின் உதவியில்லாமல், தொலைநோக்கி வழியே வெறும் கண்ணால் பார்த்தே 122 சிறுகோள்களைக் கண்டுபிடித்தவர். 1911-ல் தாம் கண்ட ஒன்றுக்கு, வியன்னா வானாய்வகத்துக்குப் பெரிதும் உதவி அந்த ஆண்டே மறைந்த பாரன் ஆல்பர்ட் ஃபான் ராத்சைல்டின் நினைவாகப் பெயரிட்டார். ஆனால் சில நாள் பார்த்ததோடு அது தப்பிவிட்டது. கிடைத்த சிறு தகவலை வைத்துச் சுற்றுப்பாதையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. பெயரும் 719 என்ற எண்ணும் ஏட்டில் இருந்தன, பொருள் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கடைசியில் 2000-ல்தான் அது மீண்டும் அகப்பட்டது. இடையில் 89 ஆண்டுகள். இப்போதுள்ள கண்டிப்பெல்லாம் இத்தகைய அனுபவங்களால் வந்தது. காத்திருப்பு நீளமாகத் தோன்றலாம், ஆனால் ஒருவரின் பெயரைத் தாங்கும் பொருள் தொலைந்து போகாது என்ற உத்தரவாதம் அதில்தான் இருக்கிறது.

அதே ராத்சைல்டின் பெயர் இன்னொரு சம்பவத்திலும் வருகிறது. பணம் கொடுத்துப் பெயர் வாங்குவதைப் பற்றி நீங்கள் கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. 1886-ல் வரவிருந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கப் பயணம் போகப் பலிசாவிடம் பணமில்லை. தாம் புதிதாகக் கண்டுபிடித்த 250-வது சிறுகோளுக்குப் பெயர் வைக்கும் உரிமையை 50 பவுண்டுக்குத் தருவதாக 1885-ல் அறிவித்தார். வாங்கியவர் இந்த ராத்சைல்ட். மனைவியின் பெயரை வைத்தார். பெட்டினா என்ற அந்தச் சிறுகோள் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. பலிசா பணத்தைக் கேட்டது வானியலுக்காகத்தான் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த வழி தொடராமல் போனது நல்லதே. தொடர்ந்திருந்தால் ராமானுஜனுக்குக் கிடைத்த இடத்தை யாரோ ஒரு வசதிக்காரர் ஏலத்தில் எடுத்திருப்பார்.

இனி, யாருக்கெல்லாம் பெயர் வைக்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தொடக்கம் தெய்வங்களோடுதான். 1801 ஜனவரி முதல் தேதி, சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் ஜூசெப்பே பியாஸ்ஸி என்ற பாதிரியார் முதல் சிறுகோளைக் கண்டார். சிசிலியின் காவல் தெய்வமாகக் கருதப்பட்ட ரோமானிய வேளாண் தேவதை செரஸின் பெயரோடு, தம் அரசர் ஃபெர்டினாண்டின் பெயரையும் சேர்த்து ‘செரஸ் ஃபெர்டினாண்டியா’ என்றார். மற்ற நாட்டார் அரசரின் பெயரை ஏற்கவில்லை. செரஸ் மட்டும் நிலைத்தது. பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா எனத் தேவதைகளின் வரிசை தொடர்ந்தது. 1850-ல் லண்டனில் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் பன்னிரண்டாவது சிறுகோளுக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தபோது மறுபடி சச்சரவு. ஆட்சியில் இருக்கும் ராணியின் பெயரை எப்படி வைக்கலாம் என்று அமெரிக்க வானியலாளர்கள் சிலர் எதிர்த்து, அதைக் கிளியோ என்றே எழுதினார்கள். ரோமானியர்களின் வெற்றித் தேவதைக்கும் விக்டோரியா என்றுதான் பெயர் என ஹிண்ட் வாதாடினார், பெயரும் தப்பியது. 1857-ல் பாரிஸில் கண்டுபிடிக்கப்பட்ட 45-வது சிறுகோளுக்கு வந்தபோது அந்தத் திரையும் விலகிவிட்டது. மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜினியின் பெயர் நேராகவே சூட்டப்பட்டது. அதைக் கண்டுபிடித்த ஹெர்மன் கோல்ட்ஷ்மிட் தொழிலால் ஓவியர். தம் வீட்டிலிருந்தே தொலைநோக்கி வழியாகத் தேடியவர்.

இந்தக் காலத்தில்தான் சென்னையும் இந்த வரலாற்றுக்குள் வருகிறது. தமிழ் வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகம் இருந்தது. அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 1861-ல் அதன் பொறுப்பை ஏற்க வந்த நார்மன் போக்சன், வந்த சில வாரங்களிலேயே, ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. பெயரும் ஆசியா என்றே வைத்தார். தொடர்ந்து 1864-ல் கிரேக்கப் பெண்பாற் புலவர் சாஃபோவின் பெயரில் ஒன்று, 1866-ல் சில்வியா, 1868-ல் கமிலா, 1885-ல் வேரா. ஐந்தும் நுங்கம்பாக்கத்து வானத்தில் கிடைத்தவை. இவற்றில் சில்வியா பின்னாளில் பெரும் புகழ் பெற்றது. இரண்டு துணைக்கோள்கள் இருப்பதாகத் தெரியவந்த முதல் சிறுகோள் அதுதான். ரோம் நகரைத் தோற்றுவித்ததாகக் கதையில் வரும் இரட்டையரின் தாய் ரியா சில்வியா என்பதால், துணைக்கோள்களுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்று அந்தப் பிள்ளைகளின் பெயரையே வைத்தார்கள். வேராவுக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. அதுதான் உங்கள் காவலூர் ராமானுஜன்.

போக்சன் இங்கிலாந்தில் இருந்தபோது, 1856-ல், கண்டுபிடித்த 42-வது சிறுகோளின் பெயர் ஐசிஸ். எகிப்தியத் தேவதையின் பெயர்தான், ஆனால் அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸை மனத்தில் வைத்தே அது தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அந்த மகள் வளர்ந்து சென்னை வானாய்வகத்திலேயே தந்தைக்கு உதவியாகக் கணக்கீட்டுப் பணியில் சேர்ந்து நீண்ட காலம் உழைத்தார். 1886-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் அவரை உறுப்பினராக்கத் தந்தை முன்மொழிந்தார். பெண் என்பதால் அப்போது முடியவில்லை. 1920-ல்தான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் கழகத்துக்குள் நுழைவதற்கு அறுபத்து நான்கு ஆண்டுகள் முன்பே அவர் பெயர் வானில் ஏறியிருந்தது.

1891-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் புகைப்படத் தகட்டில் சிறுகோள் பிடிக்கும் முறையைத் தொடங்கினார். அப்படிக் கிடைத்த முதல் சிறுகோளுக்கு ப்ரூசியா என்று பெயர். தொலைநோக்கி வாங்கப் பத்தாயிரம் டாலர் கொடுத்த அமெரிக்கச் சீமாட்டி காதரின் வுல்ஃப் ப்ரூஸுக்கு நன்றியாக வைத்தது. தகட்டில் சிறுகோள்கள் குவியத் தொடங்கியதும் தேவதைகளின் பட்டியல் போதவில்லை. ஊர்கள், மலர்கள், நண்பர்கள், அறிஞர்கள் எல்லாரும் வந்தார்கள். இந்தக் காலத்துக் கதை ஒன்றை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கஸ்டவ் ஸ்ட்ராக்க என்பவர் சிறுகோள்களின் பாதைகளைக் கணக்கிடுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். தம் பெயரை எதற்கும் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஹைடல்பர்க்கின் கார்ல் ரைன்முட் அந்தச் சொல்லை மீறவும் இல்லை, அவரை விடவும் இல்லை. 1227 முதல் 1234 வரை எட்டுச் சிறுகோள்களுக்கு ஜெரேனியம், ஸ்கபியோஸா, டிலியா என வரிசையாகத் தாவரப் பெயர்களைச் சூட்டினார். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘ஜி. ஸ்ட்ராக்க’ என்று வரும்.

இன்றைய விதிகள் அதிகமில்லை. ஆங்கில எழுத்தில் இடைவெளியையும் சேர்த்து 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரே சொல்லாக இருந்தால் நல்லது, வாயில் நுழைய வேண்டும், யாரையும் புண்படுத்தக் கூடாது, ஏற்கெனவே உள்ள பெயரைப்போல இருக்கக் கூடாது. விளம்பர நோக்குள்ள வணிகப் பெயர்களுக்கு இடமில்லை. அரசியலாலோ போராலோ பெயர் பெற்ற மனிதர், நிகழ்ச்சி என்றால் இறந்தோ நடந்தோ நூறு ஆண்டு கழிய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். பதவியின் வெளிச்சம் அணைந்த பிறகும் ஒருவரை உலகம் நினைக்கிறதா என்று காலமே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வளர்ப்புப் பிராணிகளின் பெயரையும் இப்போது ஊக்குவிப்பதில்லை. 2309-வது சிறுகோளின் பெயர் ‘மிஸ்டர் ஸ்பாக்’. ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் பாத்திரம் என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் கண்டுபிடித்தவர் வீட்டுப் பூனைக்கு அந்தப் பாத்திரத்தின் பெயர் இருந்தது, பூனையின் பெயரே வானுக்குப் போனது. அதன் பிறகு வந்த கட்டுப்பாடு அது.

சில வகைச் சிறுகோள்களுக்குத் தனி மரபு உண்டு. வியாழனின் பாதையில் அதற்கு முன்னும் பின்னும் செல்லும் கூட்டங்களுக்கு டிராய்ப் போரின் வீரர்கள் பெயர், பூமிக்கு அருகில் வருபவற்றுக்குப் புராணப் பெயர். 2029 ஏப்ரல் 13 அன்று நம்மை மிக நெருங்கிக் கடக்கப்போகும் அபோஃபிஸ், எகிப்தியப் புராணத்தில் வரும் இருளின் பாம்பு.

மற்றபடி கண்டுபிடித்தவரின் மனத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான். 2003 பிப்ரவரி முதல் தேதி கொலம்பியா விண்ணோடம் சிதறி எழுவரும் மாண்டபோது, பலோமார் மலையில் 2001-ல் கண்டுபிடிக்கப்பட்டு எண் மட்டும் பெற்றிருந்த ஏழு சிறுகோள்கள் அந்த எழுவருக்கும் கொடுக்கப்பட்டன. 51823-லிருந்து 51829 வரை அடுத்தடுத்த எண்கள். 51826 கல்பனா சாவ்லா. ஒன்றாகப் புறப்பட்டவர்களைப் பட்டியலிலும் பிரிக்காமல் வைத்த அந்த அக்கறை என்னை நெகிழ வைக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு ‘சந்திரா’ என்ற பெயரில் 1958-வது சிறுகோள் இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவுக்கும் ஒன்று உண்டு, எண் 2596. ஆனந்துக்குரிய 4538-வது சிறுகோள் 1988-ல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் வந்ததோ 2015-ல். எண் கிடைத்துப் பத்து ஆண்டு வரை பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. அதற்குள் வைக்காவிட்டால் மற்றவர்கள் முன்மொழியலாம். சிறுகோள் மையத்தைச் சேர்ந்த, சதுரங்கத்தில் ஈடுபாடு உள்ள மைக்கேல் ருடென்கோ ஆனந்தின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரை எழுதினால் இடைவெளியோடு 17 எழுத்து, வரம்புக்கு ஒன்று அதிகம். பட்டியலில் அவர் ‘விஷிஆனந்த்’.

உங்கள் ஆசிரியருக்கு வழி உண்டா? உண்டு. ஆசிரியர்களுக்குச் சிறுகோள் கிடைத்த முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகம் தன் தேடல் திட்டத்தில் கண்டுபிடித்த ஏராளமான சிறுகோள்களுக்கு, பெரிய அறிவியல் போட்டிகளில் வென்ற பள்ளி மாணவர்களின் பெயரையும் அவர்களுக்கு வழிகாட்டிய ஆசிரியர்களின் பெயரையும் வைத்தது. இந்திய மாணவர்களும் அப்படிச் சிறுகோள் பெற்றிருக்கிறார்கள். ஆக, ஓர் ஆசிரியரின் பெயரை முன்மொழிவது அடாத ஆசை அல்ல.

செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, சிறுகோள் கண்டுபிடித்த யாரேனும் ஒருவருக்கு உங்கள் ஆசிரியர் செய்ததை எழுதுவது. முன்மொழிவோடு, பெயருக்குரியவர் யார், என்ன செய்தார் என்று சில வரிகளில் ஒரு குறிப்பும் போக வேண்டும். பெயர் ஏற்கப்பட்டால் அந்தக் குறிப்பும் அதிகாரபூர்வ அறிக்கையில் அச்சாகும். ‘நல்லாசிரியர்’ என்பது போதாது. எத்தனை மாணவர்களை வானம் பார்க்க வைத்தார், என்ன கருவி செய்தார், யார் யார் அவரால் அறிவியலுக்குப் போனார்கள் என்று எழுத வேண்டும். பெயரின் நீளத்தையும் பாருங்கள். மீனாட்சிசுந்தரம் என்பதை வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதினால் 17 வரும். ‘மீ’யில் இரட்டிக்கும் ‘இ’க்குப் பதிலாக ஒற்றை ‘ஐ’ போட்டால் 16-ல் அடங்கும்.

இன்னொன்று, உங்கள் பள்ளி மாணவர்களே தேடுவது. சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற அமைப்பு, ஹவாய்த் தீவுகளில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்களைப் பள்ளிக் குழுக்களுக்குக் கட்டணமின்றித் தருகிறது. கணினியும் இணையமும் பொறுமையும் இருந்தால் போதும். ‘பள்ளி மாணவர்கள் சிறுகோள் கண்டுபிடித்தார்கள்’ என்று நாளிதழ்களில் வரும் செய்திகளில் பல இந்தத் திட்டத்தில் நடந்தவை. அந்தச் செய்தி வரும்போது அது முதற்கட்டப் பதிவு மட்டுமே என்பதை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும், சிலவற்றுக்குக் கிடைக்காமலும் போகும். ஆனால் எண் கிடைத்து, கண்டுபிடித்தவர்கள் இவர்களே என்று மையம் ஏற்றுக்கொண்டால், பெயரை முன்மொழியும் வாய்ப்பு உங்கள் பிள்ளைகளுக்கே வரும். இதுவரை எண் பெற்றவை எட்டு லட்சத்துக்கு மேல், பெயர் பெற்றவை இருபத்தைந்தாயிரத்தை ஒட்டித்தான். இடத்துக்குக் குறைவில்லை.

ஓய்வு விழாவுக்குள் இவற்றில் எதுவும் நடக்காது. அதற்குள் செய்ய ஒன்று சொல்கிறேன். சான்றிதழுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் பள்ளிக்கு நல்ல இருகண்நோக்கி ஒன்று அவர் பெயரில் வாங்கிக் கொடுங்கள். சிறுகோள்களில் மிகப் பிரகாசமானது வெஸ்டா. அது எதிர்ப்புறம் வரும் மாதங்களில், மலையடிவார இருட்டில், அந்த இருகண்நோக்கியில் நன்றாகவே தெரியும். எந்த மாதம், எந்த விண்மீன் கூட்டத்தில் என்பதற்குக் காவலூரில் கேட்டால் சொல்வார்கள். முதலில் ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.